பச்சை ஆமைக் குஞ்சு: விமான நிலையத்தில் பிடிபடுவது ஏன், வீட்டில் இனப்பெருக்கம் செய்ய விடலாமா?

2023 ஆகஸ்டில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கிய பயணிகளின் பெட்டிகளில் 6,800க்கும் மேற்பட்ட ஆமைக் குஞ்சுகள் இருந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சென்னை விமான நிலையத்தில் ஏறத்தாழ ஐந்தாயிரம் பிடிபட்டன. அவையும் கோலாலம்பூரிலிருந்து வந்தவைதான். இரண்டு முறையும் ஒரே இனம்: கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை தீட்டியதுபோல் இருக்கும், உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும் பச்சை ஆமை.

செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இதே ஆமை வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிறது. சில வீடுகளில் வரவேற்பறையிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, விமான நிலையத்தில் மட்டும் அது எப்படிக் குற்றமாகிறது? வீட்டில் வைத்திருப்பவர் மேல் வழக்கு வருமா? முட்டையிட்டால் குஞ்சு பொரிக்க விடலாமா? இவற்றுக்கான விடையில் பாதிதான் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆமை எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை ஆண்டு வாழும், எப்படிப் பெருகும் என்று தெரிந்தால்தான் மீதிப் பாதி புரியும். எனவே முதலில் ஆமை, பிறகு சட்டம்.

## 1. எந்த ஆமை இது?

தமிழில் சிவப்புக் காது ஆமை என்கிறோம். அறிவியல் பெயர் டிராகெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். ஆமைகளுக்கு வெளிக்காது கிடையாது. கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையைப் பார்த்து வைத்த பெயர் இது. மிசிசிப்பி ஆற்றுப் படுகை, அதையொட்டிய அமெரிக்கத் தென்மாநிலங்கள், மெக்சிகோவின் வடகிழக்கு ஓரம் ஆகியவை இதன் தாயகம்.

கடலாமை பெரும்பாலும் முட்டையிட மட்டுமே கரையேறும். நட்சத்திர ஆமைக்குத் தரையே வாழிடம். இந்த ஆமை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தின்பது, உறங்குவது, இணைவது எல்லாம் தண்ணீரில். வெயில் காய்வதும் முட்டையிடுவதும் கரையில். இத்தகைய உயிர்களை அரைநீர் வாழ்விகள் என்பார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இவற்றின் உடல் கெடும். வளர்ப்பில் நேரும் பெரும்பாலான துன்பங்கள் இந்த ஓர் உண்மையை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

கடையில் பார்க்கும் குஞ்சின் மேலோடு 3 முதல் 5 சென்டிமீட்டர். வளர்ந்த பெண்ணின் ஓடு 25 சென்டிமீட்டரைத் தொடும், சில அதையும் தாண்டும். ஆண் அதைவிடச் சிறியது. நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகள் வாழும். ‘குட்டி ஆமை’ என்று தனியாக ஓர் இனமே இருப்பதாக நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அப்படி ஓர் இனம் அந்தத் தொட்டியில் இல்லை. அது பெரிய ஆமையின் முதல் மாதம், அவ்வளவுதான்.

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லிவந்த ஊரில், இன்று வாஸ்துவின் பெயரிலும் அதிர்ஷ்டத்தின் பெயரிலும் ஆமை விற்கப்படுகிறது. இரண்டு நம்பிக்கைகளிலுமே ஆமையின் உடலைப் பற்றிய அறிவு கிடையாது.

## 2. பண்ணையிலிருந்து உலகம் முழுக்க

இந்த ஆமைகள் காட்டிலிருந்து பிடித்து வரப்படுவதாக நினைக்கிறவர்கள் உண்டு. விற்பனைக்கு வரும் குஞ்சுகளில் பெரும்பகுதி பண்ணையில் பொரித்தவை. லூசியானா மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தாய் ஆமைகளைக் குளங்களில் வைத்து, கரையில் இட்ட முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வேரூன்றிவிட்டது. நடுவில் பிளாஸ்டிக் பனைமரம் நட்ட சின்னக் கிண்ணத்தோடு அவை அமெரிக்கச் சிறுவர்களுக்கு விற்கப்பட்டன.

அதன் விலை மருத்துவமனைகளில் தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 2,80,000 சால்மொனெல்லா என்ற குடல் பாக்டீரியாவின் தொற்றுகளுக்கு வளர்ப்பு ஆமைகளே காரணம் என்று மதிப்பிடப்பட்டது. 1975இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மேலோடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை விதித்தது. ஏன் 4 அங்குலம்? அதைவிடப் பெரிய ஆமையைக் குழந்தை வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாது என்பதே அந்த அளவின் கணக்கு.

தடை உள்நாட்டு விற்பனைக்குத்தான், ஏற்றுமதிக்கு இல்லை. எனவே பண்ணைகள் மூடவில்லை, கப்பல் பக்கம் திரும்பின. 1989 முதல் 1997 வரையிலான காலத்தில் மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்புக் காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின. ஒரு நாடு தன் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை மற்ற நாடுகளின் குழந்தைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள். பிறகு ஆசியாவிலும் இதே பண்ணை முறை பரவியது.

வாங்கிய நாடுகள் விழித்துக்கொள்ளக் காலம் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. உடனே வணிகம் மஞ்சள் வயிற்று ஆமை போன்ற நெருங்கிய உறவினங்களுக்குத் தாவியது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று 2000இல் வெளியான பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் இடம்பெற்றது. ஜப்பானின் வழி கவனிக்கத்தக்கது. 2023 ஜூன் 1 முதல் அங்கே விற்பதும் வெளியில் விடுவதும் குற்றம். ஏற்கெனவே வீட்டில் இருப்பதைத் தொடர்ந்து வளர்க்கலாம். வைத்திருப்பதையே குற்றமாக்கினால், வழக்குக்குப் பயந்து எல்லோரும் இரவோடிரவாகக் குளத்தில் விட்டுவிடுவார்கள் என்ற கவலை அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது.

## 3. அது உயிரோடிருக்க என்ன வேண்டும்?

தண்ணீர். வளர்ப்போர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு: ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர். வளர்ந்த, பத்து அங்குலப் பெண்ணுக்கு 400 லிட்டர். மாடியில் வைக்கும் சிறிய தண்ணீர்த் தொட்டி அளவு அது. ஆழம் ஓட்டின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மல்லாந்து விழுந்தால் புரண்டு நிமிர அந்த ஆழம் தேவை. ஆமை தண்ணீரிலேயே தின்று தண்ணீரிலேயே கழிக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணையும் தோலையும் அரிக்கும். ஃபில்டருக்குள் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதனால்தான் ஃபில்டரின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவக் கூடாது. குளோரின் அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். மீன் தொட்டிக்கான ஃபில்டர் ஆமைக்குப் பற்றாது. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கு ஏற்றதாக வாங்க வேண்டும்.

வெயில். ஆமை குளிர்ரத்த உயிர். செரிமானமும் நோய் எதிர்ப்பும் உடல் வெப்பத்தைப் பொறுத்தவை. கரையேறி உடம்பு முழுவதும் காயும்படி ஒரு மேடை வேண்டும். அங்கே வெப்பம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ். வெப்பம் மட்டும் போதாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சமாக இருக்கும் தொட்டி ஆமைக்கு நிழல்தான். கதிர் கிடைக்காத ஆமையின் ஓடு அழுத்தினால் அமுங்கும், ஓரம் வளையும், கால் எலும்பு கோணும். இது பரவலான நோய். தொடக்கத்தில் திருத்தலாம், முற்றினால் முடியாது.

நம் சமவெளி ஊர்களில் தண்ணீருக்கு ஹீட்டர் தேவைப்படும் நாட்கள் குறைவு. எதிர்த்திசை ஆபத்துதான் பெரிது: மே மாதத்து மொட்டை மாடியில் ஆழமில்லாத டப்பில் விட்ட ஆமை வெந்தே செத்துவிடும். வெயில் படும் பகுதி, நிழல் பகுதி இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எது தேவை என்பதை ஆமை தேர்ந்துகொள்ளும்.

தீனி. குஞ்சுப் பருவத்தில் புழு, பூச்சி, சிறு மீன் போன்றவற்றையே அதிகம் நாடும். வளர வளரத் தழைக்கு மாறும். ஆமைக்கான குருணைத் தீனி, முள்ளோடு சிறு மீன், கீரை, அசோலா, ஆகாயத்தாமரை எல்லாம் தரலாம். தொட்டியில் ஒரு கணவாய் ஓட்டைப் போட்டு வைத்தால் கடித்துச் சுண்ணாம்பு எடுத்துக்கொள்ளும். காய்ந்த இறால் டப்பா ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கொட்டி வளர்த்த ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து, இமை வீங்கிக் கண் மூடிப்போகும். பார்வையில்லாமல் தீனி தேட முடியாமல் பட்டினி கிடக்கும். சோறு, ரொட்டி, பிஸ்கட், பால் எதுவும் இதன் உணவல்ல.

## 4. இனப்பெருக்கம் எப்படி நடக்கிறது?

குஞ்சில் ஆண், பெண் கண்டறிய முடியாது. ஆணின் ஓடு 10 சென்டிமீட்டரை நெருங்கும்போது முன்கால் நகங்கள் நீண்டு வளரும். வால் தடித்து நீளும். காட்டில் ஆண் பருவமடைய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பெண்ணுக்கு அதைவிடக் காலம் பிடிக்கும். உடல் அளவும் பெரிதாக வேண்டும். வீட்டில் தீனி தாராளம் என்பதால் இரண்டுமே சீக்கிரம் நடக்கும்.

ஆண் தண்ணீரில் பெண்ணின் முகத்துக்கு நேரே பின்னோக்கி நீந்தி, நீண்ட நகங்களை அவள் கன்னத்தருகே வைத்துப் படபடவென்று நடுங்க வைக்கும். இது சண்டையில்லை, இணை அழைப்பு. பெண் இசைந்தால் அடியில் அமர்வாள். இசையாவிட்டால் விலகிப் போக இடம் வேண்டும். சின்னத் தொட்டியில் அந்த இடம் கிடையாது. ஆண் நாள் முழுக்கத் துரத்தும், கழுத்தைக் கடிக்கும். பெண் கரையேறி உட்கார்ந்து தீனியை மறக்கும். ‘ஜோடியாக இருந்தால் துணையாக இருக்கும்’ என்று கடையில் சொல்வதை நம்பி இரண்டு வாங்குவது பெண் ஆமைக்குச் செய்யும் கொடுமை. இந்த இனத்துக்குத் துணை தேவையில்லை. தனியே நிம்மதியாக வாழும்.

இணைந்த பெண்ணின் உடலில் விந்தணு நெடுநாள் தங்கும். ஆணைப் பிரித்த அடுத்த ஆண்டும் கருவுள்ள முட்டை வரலாம். ஆணையே பார்க்காத பெண்ணும் கருவில்லா முட்டை இடும், கோழியைப் போலவே.

முட்டைக் காலத்தில் பெண் தீனி குறைத்து, தொட்டியின் மூலையைப் பின்காலால் பறண்டிக்கொண்டே இருக்கும். ஈரமான மண் கிடைத்தால், உடலிலுள்ள நீரை விட்டு மண்ணை இளக்கி, பின்கால்களால் மட்டுமே குடுவை வடிவில் ஒரு குழி தோண்டும். திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு முட்டையையும் பின்காலால் ஏந்தி உள்ளே இறக்கி, மூடி மெழுகிவிட்டுப் போய்விடும். ஓர் ஈட்டில், அதாவது ஒரு முறை இடும்போது, ஏழெட்டு முட்டை சாதாரணம். பெரிய ஆமை இருபதுவரை இடும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகூட வரும். அதன் பிறகு தாய்க்கும் குஞ்சுக்கும் எந்த உறவும் இல்லை.

மண்ணே கிடைக்காத பெண்ணுக்கு இரண்டு வழிதான். தண்ணீரில் முட்டையைச் சிந்தலாம், அல்லது உள்ளேயே அடக்கி வைத்திருக்கலாம். அடக்கிய முட்டை வெளிவர முடியாமல் அடைத்துக்கொண்டால் மருத்துவர் ஊசியோ அறுவையோ செய்ய வேண்டியிருக்கும், கவனிக்காவிட்டால் இறப்பு. பெருக்கும் எண்ணமே இல்லாதவரும் பெண் ஆமைக்கு மணல் பெட்டி வைக்க வேண்டிய காரணம் இதுதான்.

பறவை முட்டையை அடையில் அடிக்கடி திருப்புவார்கள். ஆமை முட்டையைத் திருப்பவே கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல்புற ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் கரு அழியும். பண்ணையாளர் எடுக்கும்போதே மேற்புறம் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் ஈரம் தாங்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் பதித்து வைப்பார்கள். சில நாட்களில் முட்டையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்பட்டை படர்ந்தால் கரு உண்டு.

இனி வருவதுதான் இந்த உயிரின் மிக வியப்பான பகுதி. நம்மில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் தீர்மானிக்கிறது. சிவப்புக் காது ஆமையில் அதைத் தீர்மானிப்பது முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பம்.

1. சுமார் 26 டிகிரியில் அடைவைத்தால் எல்லாம் ஆண்.
2. சுமார் 31 டிகிரியில் எல்லாம் பெண்.
3. இடையில், 29 டிகிரியைச் சற்றுத் தாண்டிய இடத்தில் பாதிக்குப் பாதி.
4. அடைகாலம் முழுவதும் இந்தத் தீர்ப்புக்கு உட்பட்டதில்லை. நடு மூன்றிலொரு பங்குக் காலமே முக்கியம்.

வெப்பத்தை உடல் எப்படி ‘படிக்கிறது’ என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் இதே ஆமையின் கருவில் ஒரு கண்ணியைப் பிடித்தார்கள்: கேடிஎம்6பி என்ற மரபணு குறைந்த வெப்பநிலையில் விழிப்பாக இருந்து, விதைப்பையை உருவாக்கும் இன்னொரு மரபணுவை எழுப்புகிறது. அதை ஒடுக்கினால், ஆண் பிறக்க வேண்டிய குளிர்ச்சியிலும் கரு பெண்பால் பக்கம் திரும்புகிறது.

இதன் நடைமுறை விளைவு நேரடியானது. வெப்பம் கூடினால் குஞ்சு சீக்கிரம் பொரியும். அவசரமாக விற்க விரும்பும் பண்ணை வெப்பத்தைக் கூட்டவே செய்யும். வெளிவருவது பெரும்பாலும் பெண்கள். அதாவது, கடையில் வாங்கும் ‘குட்டி’ பத்து அங்குலமாக வளரும் பாலாகவே இருக்க வாய்ப்பு மிகுதி.

பொரிக்க இரண்டு முதல் இரண்டரை மாதம். குஞ்சு மூக்கு நுனியிலுள்ள சிறு முள்ளால் முட்டையைக் கிழித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளேயே இருந்து மஞ்சள் கருப் பையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வெளியே இழுத்தால் பை கிழிந்து இறந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு வீட்டில் செய்ய முடியும். கடினமும் இல்லை. ஆனால் செய்யக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலை. ஒரே ஒரு பெண், ஆண்டுக்கு மூன்று ஈடு, ஈட்டுக்கு எட்டு என்று வைத்தாலும் 24 குஞ்சு. ஒவ்வொன்றுக்கும் 400 லிட்டர் வரை தண்ணீரும் 30 ஆண்டும் தேவை. அத்தனை வீடுகள் எங்கே இருக்கின்றன? அழியும் நிலையிலுள்ள இனத்தைப் பெருக்குவது வேறு. சுந்தரவனத்தில் மிகச் சில ஆமைகளே எஞ்சியிருந்த வடக்கு ஆற்றாமையைச் சஜ்னேகாலியில் பொரிக்க வைத்து வளர்த்து, 2022 ஜனவரியில் பத்து ஆமைகளை ஜிபிஎஸ் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். அங்கே ஒவ்வொரு முட்டையும் பொக்கிஷம். சிவப்புக் காது ஆமைக்கு உலகில் எங்கும் அந்தக் குறை இல்லை.

## 5. சால்மொனெல்லா

சால்மொனெல்லா ஆமையின் குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியா. ஆமைக்கு நோய் வராது. கழிவோடு அவ்வப்போது மட்டுமே வெளியேறும் என்பதால், ஒரு முறை சோதித்து ‘இல்லை’ என்று வந்ததை நம்ப முடியாது. பண்ணைகளில் முட்டைகளை ஜென்டாமைசின் மருந்தில் முக்கி எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தோன்றியது. 2007இல் ஃபுளோரிடாவில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை ஆமை வழி வந்த தொற்றால் இறந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்புக் குறைந்தவர் உள்ள வீட்டுக்கு இது ஏற்ற உயிர் அல்ல. தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதை எந்த வீட்டிலும் செய்யக் கூடாது.

## 6. குளத்தில் விட்டால் என்ன ஆகும்?

வளர்ந்து, நாறி, கடிக்கத் தொடங்கியதும் பெரும்பாலோருக்குத் தோன்றும் வழி கோயில் குளம் அல்லது ஏரி. விடுதலை கொடுத்த நிறைவோடு திரும்புகிறார்கள். அவர்கள் மனம் நல்லதுதான். விளைவு நல்லதல்ல.

நம் குளங்களிலும் வயல் கால்வாய்களிலும் ஏற்கெனவே குடியிருப்பவர் உண்டு: பாலாமை, கரிய ஓடுடைய குள ஆமை போன்ற நாட்டு இனங்கள். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து உறங்கி, மழை வந்ததும் எழும் பாலாமையின் வாழ்க்கை இந்த மண்ணோடு பின்னியது. புதிதாய் வருவது உடல் பெரிது, எதையும் தின்னும், அதிக முட்டையிடும். பிரான்ஸில் ஐரோப்பியக் குள ஆமையையும் சிவப்புக் காது ஆமையையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்த ஆய்வுகளில், வெயில் காயும் நல்ல இடங்களை அயல் ஆமை பிடித்துக்கொண்டது. நாட்டு ஆமைகள் எடை குறைந்தன, அவற்றில் அதிகம் இறந்தன. தவளைக் குஞ்சு, மீன் முட்டை, நத்தை, நீர்த்தாவரம் என்று கீழ்மட்டத்திலும் அரிப்பு நடக்கும். வீட்டுத் தொட்டியில் பிடித்த ஒட்டுண்ணிகளும் நோய்களும் கூடவே போகும்.

இந்தியாவில் இது வெறும் அச்சமில்லை. குவாஹாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இந்த ஆமை காணப்பட்டது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்து நீர்நிலையிலும் கிடைத்தது. அதன் பின் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கும் வேலையில் இறங்கியது. மிசிசிப்பியின் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும் ஆமைக்கு இங்கே ஆண்டு முழுக்கக் கோடை. ஒரு குளத்தில் வேரூன்றிய பின் அதை அகற்றுவது எளிதல்ல.

## 7. சட்டம் என்ன சொல்கிறது?

குழப்பத்தின் மூலமே இங்குதான். ‘ஆமை’ என்ற ஒரே சொல்லுக்குள் சட்டம் மூன்று வகை பார்க்கிறது.

1. நாட்டு ஆமைகள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலாமை, நட்சத்திர ஆமை, வட இந்திய ஆறுகளின் கூரை ஓட்டு ஆமை ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. வைத்திருப்பதே குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். கிணற்றில் கிடைத்தது, வயலில் பிடித்தது என்ற விளக்கம் உதவாது. கூரை ஓட்டு ஆமைக் குஞ்சு சிறியது, அழகானது. விவரம் தெரியாமல் வாங்குவோர் சிக்குவது இங்கேதான்.

2. சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல் ஆமைகள். சைட்டிஸ் என்பது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பட்டியலை நான்காம் அட்டவணையாகச் சேர்த்தது. அதில் வரும் உயிரை வைத்திருந்தாலும், கைமாற்றினாலும், அது குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவித்துப் பதிய வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் இதற்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தை வழியாக்கின. சைட்டிஸ் முதல் பின்னிணைப்பிலுள்ள இனத்தைப் பெருக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமம் வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்: கினோஸ்டெர்னான் வகைச் சேற்றாமைகள் 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில்தான் ஒட்டுமொத்தமாகச் சேர்ந்தன.

3. பட்டியலில் இல்லாத அயல் ஆமைகள். 2024 விதிகள் வந்தபோது சிவப்புக் காது ஆமை இந்த வகையில் இருந்தது. அது அருகிவரும் இனமல்ல. அளவுக்கு மீறிப் பெருகிய இனம். ஆகவே வீட்டில் இருப்பதற்காகவே அந்தப் பதிவு விதி பாயவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விலங்கைக் கொண்டுவர அயல் வணிகத் துறையின் உரிமமும், 1898ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்படி நோய்த்தடுப்பு அனுமதியும் வேண்டும். அவை இல்லாமல் பெட்டியில் அடைத்து வந்தால் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி கடத்தல். விமான நிலையத்தில் பிடிபடுவது இதற்காகத்தான். பிடிபட்ட குஞ்சுகளை இங்கே எங்கும் ஒப்படைக்காமல், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். நோய் பரவாதிருக்க அதுவே பாதுகாப்பு.

திருத்தச் சட்டத்தின் 62ஏ பிரிவு, அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல், பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. கடத்தலைப் பிடித்துக்கொண்டே கடை விற்பனையைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம். ஜப்பான் செய்ததுபோல், வைத்திருப்போரை விட்டுவிட்டு விற்பனையை மட்டும் நிறுத்துவது இங்கும் பொருந்தும்.

## 8. ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

1. இனத்தை உறுதி செய்யுங்கள். கண்ணுக்குப் பின் சிவப்புப் பட்டை, அடியோட்டில் மஞ்சள் மேல் கரும்புள்ளிகள் இருந்தால் சிவப்புக் காது ஆமை. நாட்டு இனமாகத் தோன்றினால் உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. இரண்டு இருந்தால் ஆண், பெண் பார்த்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பால் தெரியும் வயது வராதவற்றையும் பிரித்து வைப்பதே மேல்.

3. வளர்க்க முடியவில்லை என்றால் குளம், கிணறு, ஏரி, கோயில் எதிலும் விட வேண்டாம். பெரிய தொட்டியுள்ள, ஏற்கெனவே இந்த இனத்தை வளர்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் தன் ஆமைகளோடு சேர்க்குமுன் ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்க்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தைக் கேளுங்கள்.

4. மழைக்காலத்தில் வெளித்தொட்டிக்குக் கம்பிவலை மூடி போடுங்கள். ஆமை நன்றாக ஏறும். தொட்டி நிரம்பி வழியும் ஓர் இரவு போதும், தெருக் கால்வாய்க்குப் போய்விடும்.

5. பெண்ணுக்கு ஓர் அடி ஆழம் ஈர மணல் நிரப்பிய பெட்டியை ஏறிச் செல்லும்படி வையுங்கள். அவள் மூடிவிட்டுப் போன அன்றே முட்டைகளைத் தோண்டி எடுத்து, இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டால் கரு வளராது. பிறகு மண்ணில் புதைக்கலாம். மணல் பெட்டியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். ஒரு மாதத்துக்குள் அடுத்த ஈட்டுக்கு அவள் மறுபடி ஏறி வருவாள்.